ஊர் காண்டலும் ஊரில் இருத்தலும்: கோவலனின் மதுரையும் பாண்டியனின் மெடானும்

பயணம் செல்பவர் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது போதாது. அவ்வூரார் வாழுமாறு சில நாளேனும் வாழ்ந்து வரவேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பரவியுள்ளது. வீடுகளை நாள் வாடகைக்கு அமர்த்தித் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் இதனையே தன் விளம்பர முழக்கமாக்கிக் கொண்டது. சுற்றுலாத் துறையினர் புதியது கண்டதுபோல் இதனைப் பேசுகின்றனர். ஆயினும் வந்தவன் காண்பதற்கும் வாழ்பவன் அறிவதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழ் இலக்கியம் மிக முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. அவ்வெண்ணம் நம் பாடத்திட்டங்களில் உரிய இடம் பெறவில்லை என்பதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

பயண இலக்கியம் என்னும் தலைப்பில் நாம் மாணவர்க்குக் கூறுவன பெரும்பாலும் ஒரே வகையின. ஆற்றுப்படையை முன்னோடி என்போம், சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையைப் பண்டைத் தமிழர் நகரமைப்புக்குச் சான்று என்போம், பின்னர் ஏ. கே. செட்டியாருக்கு ஒரு தாவு தாவி இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிடுவோம். ஊர்காண் காதையிலிருந்து தெருக்களின் பெயரையும் மணிகளின் வகையையும் பட்டியலிட்டுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தபின், அக்காதையில் கோவலன் என்ன செய்கிறான், எதனைக் காணத் தவறுகிறான் என்னும் வினா எழுவதே இல்லை. காப்பியத்தைத் தரவுக் களஞ்சியமாக மட்டும் பார்க்கும் இப்பழக்கம் அதன் கதைப்போக்கையே மறைத்துவிடுகிறது.

கோவலன் கண்ட மதுரை

மதுரைக் காண்டத்தின் நான்காம் காதை ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் இருத்திவிட்டுக் கோவலன் தனியே நகருக்குள் செல்கிறான். அவன் செல்லும் நோக்கம் வணிகர் குலத்தாரைக் கண்டு தன் நிலையைத் தெரிவித்து வருவது. காட்டு மரங்கள் சூழ்ந்த காவலையும் அகழியையும் கடந்து, யானைகள் செல்லும் சுருங்கை வழியை அடுத்து, வாள் ஏந்திய யவனர் காக்கும் வாயிலை அடைகிறான். அவர்கள் ஐயுறாத வண்ணம் உள்ளே நுழைந்தான் என்று இளங்கோ கூறுவது நுணுகி நோக்கத்தக்கது. வேற்றூரான் என்று தோன்றாமல் நடக்கும் திறமை அவனுக்கு இருக்கிறது. இன்றைய பயணிகள் பெரிதும் விரும்புவது இத்திறமையைத்தான். வாயிற்காவலர் கண்ணுக்கு அவன் உள்ளூரானாகவே தோன்றியிருக்கிறான்.

உள்ளே சென்றவன் காண்பது தெருக்களை. செல்வரும் கணிகையரும் வாழும் வீதிகள், வண்டியும் கவசமும் செப்புக் கலமும் விற்கும் அங்காடி, மணிக்கடைத் தெரு, பொற்கடைத் தெரு, அறுவை வீதி, கூல வீதி என்று காதை விரிகிறது. மணிக்கடையின் முன் அவன் பார்வை நீண்ட நேரம் நிற்கிறது. வயிரத்தின் குற்றம், மரகதத்தின் குற்றம், மாணிக்கத்தின் நால்வகை, முத்தின் குற்றம், பவளத்தின் கோணல் என்று ஒவ்வொன்றும் நுட்பமாக எடுத்தோதப்படுகிறது. அடியார்க்குநல்லார் இவ்விடத்தில் மணிநூற் செய்திகளை விரித்துரைத்துத் தம் புலமையைக் காட்டுகிறார். நால்வகைப் பொன்னைப் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் கொடி கட்டியிருக்கும் செய்தியும் உண்டு. மாசாத்துவானின் மகனுக்கு இத்தெருக்கள் அயலானவை அல்ல. புகாரில் அவன் கற்ற சரக்கறிவு மதுரையிலும் செல்லுபடியாகிறது. மணியைப் பார்த்தால் அதன் குற்றத்தை அறிந்துவிடுவான்.

இங்கு ஒரு தடை எழலாம். கணிகையர் வீதியைக் கூறுமிடத்தில் கார், கூதிர், பனி, வேனில் என்று ஆண்டு முழுவதற்குமான இன்ப வாழ்வு பேசப்படுகிறதே, அது ஊரில் இருப்பவனின் அறிவு அன்றோ என்று கேட்கலாம். ஒரு நாள் வந்தவன் ஓராண்டைக் கண்டிருக்க இயலாது. அவ்விடத்தில் ஒலிப்பது கோவலனின் பார்வையன்று, கவிஞனின் குரல். கோவலன் தன் கண்ணால் கண்டன தெருவும் கடையும் கொடியும் மட்டுமே. ஊரைக் கண்டு மகிழ்ந்தவனாய் அவன் மதிற்புறத்துக்கு மீள்கிறான் என்று காதை முடிகிறது. சென்ற காரியம் நிறைவேறியதா என்பது பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. வணிகர் எவரையும் அவன் சந்தித்ததாகக் காதை காட்டவில்லை. தஞ்சம் தேடிச் சென்றவன் காட்சி கண்டு திரும்பியிருக்கிறான். இதனைக் கவிஞரின் மறதி என்று கொள்வதற்கில்லை. மகிழ்ச்சியே அங்கு அபாயத்தின் அறிகுறி.

இதற்கு முந்திய புறஞ்சேரியிறுத்த காதையை நினைவு கூர்ந்தால் இது தெளிவாகும். வையை தன் கண்ணீரைப் பூவாகிய ஆடையால் மறைத்துச் செல்வதாகவும், மதிலின் கொடிகள் வரவேண்டா என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைவதாகவும் கவிஞர் கூறியிருக்கிறார். தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக இவ்விரண்டையும் நாம் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். அணியிலக்கணத்தோடு நின்றுவிடாமல், அக்குறிகளை வந்தவர்கள் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். ஊர் ஒரு மொழியில் பேசுகிறது. வந்தவனுக்கு அம்மொழி தெரியவில்லை.

இவ்வறியாமை கொலைக்களக் காதையில் வெளிப்படையாகவே கூறப்படுகிறது. சிலம்பை விற்கப் புறப்பட்ட கோவலனை ஆயர் தெருவில் திமில் கொண்ட ஏறு ஒன்று எதிர்கொள்கிறது. அது தீய நிமித்தம். ஆனால் அதனைத் தீமை என அவன் அறியவில்லை. ஏனெனில் அவ்வாறு அறிவது அவன் குலத்து மரபன்று என்று இளங்கோ காரணமும் கூறுகிறார். மணியின் குற்றத்தை அறிந்தவன் மாட்டின் குறியை அறியவில்லை. அவ்வழியே நடந்த எந்த ஆய்ச்சியும் அதனை உடனே அறிந்திருப்பாள். அடுத்த காதையில் அதற்குச் சான்றும் வருகிறது. குடத்துப் பால் உறையாமை, ஏற்றின் கண்ணில் நீர் வடிதல், வெண்ணெய் உருகாமை, மணி அற்று வீழ்தல் ஆகியவற்றைக் கண்ட மாதரி வருவதொன்று உண்டு என்று உணர்ந்து குரவைக்கு ஏற்பாடு செய்கிறாள். ஒரே ஊர், ஒரே காலைப்பொழுது. ஒருவர் அதனைப் படித்தறிகிறார். மற்றவர் அதனூடே நடந்து செல்கிறார்.

பின்னர் பொற்கொல்லனைக் கோவலன் காண்கிறான். நூறு கொல்லர் பின்வர, அரசவையோர் அணியும் சட்டையுடன், கையில் குறடு ஏந்தி அவன் வருகிறான். பாண்டியனிடம் வரிசை பெற்றவன் இவன் என்று கோவலன் தானே முடிவு செய்துகொள்கிறான். எவரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவனுக்கு அவ்வூரில் எவரும் இல்லை. அங்காடியில் கொடியைப் பார்த்துப் பொன்னின் வகையை அறிந்தவன், ஆடையைப் பார்த்து மனிதனின் வகையை அறிந்துவிட்டதாக எண்ணினான். பொன்னுக்குக் கொடி பொய் சொல்லாது. மனிதர்க்கு அவ்வாறன்று. முதல்நாள் ஊர் கண்ட முறையே மறுநாள் அவன் உயிருக்கு உலையாயிற்று எனலாம்.

நாழிகையால் அறியப்படும் ஊர்

அதே மதுரையை மாங்குடி மருதனார் பாடிய முறை வேறு. 782 அடிகளால் அமைந்த மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டில் மிக நீண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்துவது அதன் நோக்கம் என்பர். அந்நோக்கத்துக்கு நகர வருணனை இத்துணை நீளம் ஏன் என்று ஆய்வாளர் சிலர் இடர்ப்படுவதுண்டு. நகர் அங்கு இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் அளக்கப்படுகிறது என்பதைக் கண்டால் இடர்ப்பாடு பெரிதும் நீங்கிவிடும்.

நாளங்காடியின் ஆரவாரம் அடங்கி அல்லங்காடி தொடங்குகிறது. இரவின் முதற்சாமம் கழிகிறது. இரண்டாம் சாமத்தில் கடைகள் அடைபடுகின்றன. அப்பம் விற்போர் தம் அப்பங்களின் அருகே உட்கார்ந்தபடியே உறங்குகின்றனர். மூன்றாம் சாமத்தில் கள்வரும் அவரைத் தேடும் காவலரும் மட்டுமே விழித்திருக்கின்றனர். பின்னர் விடிகிறது. வீட்டுக் கதவுகள் ஒலிக்கின்றன. அப்பக்காரர் எப்போது கண்ணயர்வார் என்பது ஓரிரு நாள் தங்கியவர்க்குத் தெரியாது. அதே தெருவில் பல இரவுகள் உறங்காதிருந்தவருக்கே தெரியும். சுற்றிப் பார்க்க வந்தவன் தெருத்தெருவாக அறிவதை ஊரவன் பொழுதுபொழுதாக அறிகிறான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் 2010இல் அரசினரால் லிட்டில் இந்தியா என அறிவிக்கப்பட்டு அலங்கார வளைவு பெற்றது. வளைவைப் படம் எடுப்பவர்க்கு அது எப்பொழுதும் ஒரே வளைவு. விடியற்காலையில் பூக்கடை திறக்கும் நேரத்துத் தெருவும் மதிய உணவு நேரத்துத் தெருவும் ஒன்றல்ல என்பது அங்கு இருப்பவர்க்குத் தெரியும். அவர்கள் இன்றும் அதனைப் பிரிக்பீல்ட்ஸ் என்றே அழைக்கின்றனர்.

கண்ணகியின் ஒருநாள்

காப்பியத்தில் மதுரையை உள்ளிருந்து அறிபவள் கண்ணகி. இதனை எடுத்துரைத்தோர் குறைவு. அவள் நகர்வலம் வரவில்லை. கவுந்தியடிகள் அவளை ஆய்ச்சியாகிய மாதரியிடம் அடைக்கலமாகத் தர, மாலையில் மாடுகளோடும் ஆய்ச்சியரோடும் கோட்டை வாயில் கடந்து மாதரியின் இல்லம் சேர்கிறாள். செம்மண் பூசிய பந்தல் உடைய சிறுமனை ஒன்று அவளுக்கு அமைகிறது. ஆய்ச்சியர் அவளை நீராட்டுகின்றனர். மாதரியின் மகள் ஐயை துணையாக நிற்கிறாள். கணவன் சாவக நோன்பு உடையவன், பொழுதோடு உண்ணவேண்டியவன் என்பதால் சமையற்கலங்களும் பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் சாலியரிசியும் பாற்பயனும் அவ்வில்லத்தார் தருகின்றனர். காய் அரிந்து கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. வாழைக்குருத்தில் சோறு படைக்கிறாள்.

இப்பகுதியைக் கற்புடை மனைவியின் கடமைக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் விளக்கிச் செல்வது நம் வழக்கம். அது பிழையன்று, போதாது. மதுரையில் என்ன விளைகிறது, அண்டை வீட்டார் எவற்றைக் கேளாமலே தருவர், விருந்தினரின் நோன்பை அயற்குலத்தார் எவ்வாறு மதிக்கின்றனர் என்பனவற்றை அவள் ஒரு சமையலின் வழியே அறிகிறாள். கோவலனின் மதுரையில் விலையுள்ள பொருள்கள் உள்ளன. கண்ணகியின் மதுரையில் பெயருள்ள மனிதர் உள்ளனர். காதையில் கோவலன் பெயரறிந்து பேசிய கடைக்காரர் ஒருவரேனும் உண்டா என்று தேடினால் இந்த வேறுபாடு விளங்கும்.

அவள் அறிந்ததும் முழு ஊர் அன்று. ஆயர்சேரி மதுரையின் ஒரு மூலை. மாதரிக்கு அரண்மனை வழக்கு எதுவும் தெரியாது. பொற்கொல்லனின் குணம் தெரியாது. தெரிந்திருந்தால் கோவலனை எச்சரித்திருப்பாள். உள்ளூர் அறிவு எப்போதும் ஒரு தெருவின் அறிவே. இதனைப் பின்னர் சிங்காரத்திடமும் காண்போம்.

ஆற்றுப்படை பற்றி ஒன்று மட்டும் இங்குக் கூறுவது தகும். வழி கூறுபவர் அங்கு அரசாங்க அலுவலரோ விளம்பரக்காரரோ அல்லர். கேட்பவனின் தொழிலையே செய்யும் இன்னொருவர். அவ்வழியே சென்று பசி தீர்ந்து மீள்பவர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகியோரின் இருப்பிடங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் இடத்திலும் அங்குள்ளோர் உண்பது எதுவோ அதுவே பாணனுக்கும் கிடைக்கும் என்று கூறப்படுகிறது. விருந்தினர்க்கெனத் தனி உணவு சமைக்கப்படும் என்று அங்கு இல்லை. புதிய பாணன் அவர்களோடு உண்கிறான். ஆனால் தான் அவர்களில் ஒருவன் என்று நடிக்கவில்லை. அவன் பாணனாகவே செல்கிறான், பாணனாகவே மீள்கிறான். இன்றைய விளம்பரத்துக்கும் அதற்கும் உள்ள தொலைவு இதுவே.

செட்டியாரும் சிங்காரமும்

உலகம் சுற்றிய தமிழர் என்று பெயர்பெற்ற ஏ. கே. செட்டியார் (1911 - 1983) காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக நாடு நாடாகச் சென்று படத்துணுக்குகள் திரட்டியவர். 1940இல் அப்படம் வெளிவந்தது. குமரி மலரின் ஆசிரியராகவும் அறியப்பட்டவர். அவருடைய பயண எழுத்தின் சிறப்பு, தாம் உள்ளூர்க்காரர் என்று ஒருபோதும் காட்டிக்கொள்ளாமையாகும். சிறிய வாக்கியங்கள், சந்தித்த மனிதர், நடந்த உரையாடல், அவ்வளவே. காட்சியை விட உதவியவர்களுக்கே அவர் அதிக இடம் ஒதுக்குகிறார். ஆற்றுப்படையின் பாணன் தன்னைப் பற்றிப் பேசிய அளவுகூட அவர் தம்மைப் பற்றிப் பேசியதில்லை. அவருக்குப் பின் வந்த பயண நூல்கள் பலவற்றில் இந்த அடக்கம் காணாமற்போயிற்று. இரு வாரம் நம் நாட்டைச் சுற்றிவிட்டு நம் வாழ்வு முழுவதையும் விளக்கிச் செல்லும் நூல்களை நாம் அறிவோம். பத்துமலையின் 272 படிகளையும் 2006இல் எழுப்பப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையையும் அளந்து எழுதுபவர்கள், அப்படிகளில் குழந்தைக்கு மொட்டையடிக்கத் தூக்கிச் செல்லும் பாட்டியிடம் ஒரு சொல் பேசியிருந்தால் நூல் வேறாகியிருக்கும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதில் நாம் காட்சிப் பொருளாகவே நிற்கும்போது ஏற்படும் மனக்குறை சிறிதன்று.

ப. சிங்காரத்தின் (1920 - 1997) புயலிலே ஒரு தோணி 1972இல் நூலாயிற்று. அவர் சிங்கம்புணரியில் பிறந்து இளமையில் மெடானுக்கு வேலைக்குச் சென்று, போர்க்காலத்தை இப்பகுதியிலே கழித்து, 1946இல் திரும்பியவர். இது பயண நூலன்று, நாவல். ஆயினும் வந்தவன் ஊரவனாகும் செயல் எத்தகையது என்பதைத் தமிழில் இந்நூல் அளவுக்கு உணர்த்தியது வேறு இல்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. (தலைப்பில் உள்ள பாண்டியன் இந்நாவலின் தலைவன், நெடுஞ்செழியனோடு மயங்கற்க.)

ஜப்பானியப் படை நுழையும் மெடானில் நாவல் தொடங்குகிறது. கெர்க் ஸ்ட்ராட், கெசாவன் என்று தெருப்பெயர்கள் எவ்வித அறிமுகமும் இன்றி வருகின்றன. டச்சுச் சொல்லும் மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் செட்டிநாட்டு வணிகச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் கலந்து நிற்கின்றன. பெட்டியடி, மார்க்கா, மேலாள், அடுத்தாள் ஆகியவை வட்டிக்கடையின் உள்ளே இருந்தவர்க்கு விளக்கம் வேண்டாதவை. பெட்டியடி என்பது ஒருவன் கணக்கெழுதும் இடம். அவன் உட்காருவதும் உறங்குவதும் அப்பெட்டியை ஒட்டியே. கடையின் முழு நிருவாகமும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. அடிக்குறிப்பு எதிர்பார்க்கும் வாசகருக்குச் சிங்காரம் இரங்குவதில்லை. முதல் ஐம்பது பக்கங்களில் வாசகரே மெடானில் வந்திறங்கிய புதியவராகிவிடுகிறார். கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் மாணவர்க்கு இது தமிழகத்து மாணவரை விட எளிது. தொங்கான் எனில் என்ன மரக்கலம் என்று பினாங்கு மாணவருக்குத் தாத்தா சொல்லியிருக்கக்கூடும்.

அதே வேளையில் பாண்டியன் மெடானில் நடக்கும்போது மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் அவன் நினைவில் குறுக்கிடுகின்றன. இதனைத் தாயக ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆழ்ந்து நோக்கின் ஏக்கத்தோடு வேறொன்றும் அங்கு உண்டு. சந்தைக் கடைகளின் வரிசை, வண்டிகள் வந்து சேரும் நேரம், யார் எங்கு உட்காருவர் என்பன அந்நினைவில் மதுரைக்காஞ்சியின் நுணுக்கத்தோடு எழுகின்றன. ஓர் ஊரில் வாழ்ந்து பழகிய கண்ணே இன்னோர் ஊரில் வாழக் கற்றுக்கொள்கிறது. பிறந்த ஊரைப் பொழுதுபொழுதாக அறியாதவனுக்கு வந்த ஊர் வெறும் தெருப்பட்டியலாகவே நின்றுவிடும்.

குறையும் கூறவேண்டும். பாண்டியன் அறிந்த மெடான் வணிகரின் மெடான். செட்டியார் கடைகளும் சீனத் தவுக்கேகளும் மது அருந்தும் இடங்களும் படைவீரரும் அங்கு உயிரோடு உலவுகின்றனர். நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் உழைத்தவர் உலகம் பெரும்பாலும் நாவலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மண்ணின் மக்களாகிய பெண்கள் ஆணின் வேட்கை வழியாகவே மிகுதியும் தோன்றுகின்றனர். சிங்காரத்தைப் போற்றுவோர் பலர் இதனைப் பேசுவதில்லை. போரும் புயலும் பேரளவினவாக இருப்பதால் ஒரு சமூகத்தின் குறுகிய தெரு முழு நகரமாகத் தோற்றம் அளித்துவிடுகிறது. ஆயர்சேரி மதுரை ஆகாததுபோல் பெட்டியடி மெடான் ஆகாது. எனினும் வெளியே நின்று முழுமை கண்டதாகக் கூறும் எழுத்தை விட, உள்ளே நின்று ஒரு தெருவை ஐயமறக் காட்டும் எழுத்தே மேலானது என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இருப்பவரின் இடம்

சிங்காரம் காட்டிய வணிகத் தெருக்களின் உறவு ஊராகிய பினாங்கின் இன்றைய நிலை இவ்விவாதத்தை ஏட்டுக்கு வெளியே கொண்டுவருகிறது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் தலைமுறைகளாகக் குடியிருந்தோரைக் காத்துவந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதனை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகைகள் கட்டவிழ்ந்தன. குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2008இல் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. 2012இல் அர்மேனியன் தெருச் சுவரில் மிதிவண்டியில் செல்லும் இரு சிறுவர் ஓவியமாயினர். இன்று அவ்வோவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பயணிகள் வரிசையில் நிற்கின்றனர். மரபு வீட்டில் ஊரவர்போல் தங்கலாம் என்னும் விளம்பரத்தில் இல்லாத ஒரே பொருள் அவ்வூரவர்தாம். அவர்கள் தங்கியிருந்த அறையில்தான் பயணி தங்குகிறார். மாதரியை வெளியேற்றிவிட்டு அவள் பந்தலை வாடகைக்கு விட்டதற்கு இதனை ஒப்பிட்டால் மிகையாகாது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. தனியார் வீட்டை மூன்று மாதத்திற்குக் குறைவாகவும், வீவக வீட்டை ஆறு மாதத்திற்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவதற்கு அங்குச் சட்டம் இடந்தரவில்லை. சுற்றுலா வருவாய் மிக்க நாடு இவ்வாறு விதித்திருப்பது வியப்பன்று. அண்டைவீட்டார் வாரந்தோறும் மாறும் அடுக்குமாடியில் அண்டை என்பதற்கே பொருளிராது.

பயணியைக் குறைகூறுவது எளிது. நம் வகுப்பறையும் அப்பயணியையே உருவாக்கி வருகிறது என்பதை ஆசிரியராகிய நாம் எண்ண வேண்டும். நான் சென்ற சுற்றுலா என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகள் பேருந்து புறப்பட்ட நேரத்தில் தொடங்கி, காட்சிகளை வரிசைப்படுத்தி, மறக்கமுடியாத நாள் என்று முடிகின்றன. இடையில் ஒரு மனிதரும் பேசுவதில்லை. ஊர்காண் காதையின் தெருவரிசையை மனனம் செய்து வளர்ந்த கை வேறு எவ்வாறு எழுதும்? அதே மாணவரிடம், உன் குடியிருப்பில் இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும், அங்கு யார் வருவர், விடியலில் முதலில் ஒலிப்பது எது என்று கேட்டால் பக்கங்கள் நிறைகின்றன. அவ்வாறு எழுதியவர் பின்னர் வேற்றூர் செல்லும்போது யாரிடம் என்ன கேட்பது என்று அறிந்திருப்பார். மதுரைக்காஞ்சியின் சாமப் பகுதிகளையும் கொலைக்களக் காதையின் சமையலையும் அருகருகே வைத்துப் படிவம் ஐந்து மாணவர்க்குக் கற்பிப்பதில் பாடத்திட்டத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனிக் காப்பியத்தின் பிற்பகுதி. ஊர் கண்டு மகிழ்ந்தவன் மதுரையில் எவருக்கும் கடன்பட்டவனல்லன். அவனுடன் பெயரறிந்து பழகாத அங்காடி அவன் இறப்பால் குறைபட்டதுமில்லை. கண்ணகியை ஏற்ற வீட்டின் நிலை அவ்வாறில்லை. அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீயில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறக் கேட்கிறோம். ஒரு நாள் சோறு சமைத்த விருந்தினருக்காக அவள் உயிர் கொடுத்தாள். வாழ்த்துக் காதையில் புகாரிலிருந்து வரும் செவிலியும் தோழியும் தேவந்தியும் மதுரைக்குச் சென்று, நடந்ததை அறிந்து, தனித்து நின்ற ஐயையையும் உடன் அழைத்துக்கொண்டு வையைக் கரை வழியே மலைநாடு ஏகுகின்றனர். காய் அரிய உடன் நின்ற ஆயர் மகள், தான் ஒரு நாள் அறிந்த பெண்ணைத் தெய்வமாகக் காணச் சேர நாட்டுக்கு நடக்கிறாள். அவ்வூரின் தெருக்களையும் கடைகளையும் அவள் கண்டாளா என்பது பற்றி இளங்கோ ஒன்றும் கூறவில்லை.